லைப்ரரி விழுங்கிய கேள்வி

"புக்கிங் பார்க்கும் பெண்ணின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு. அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டார்." எங்கள் முதலாளி வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினார். அந்தக் குழுவில் அலுவலகத்து ஆட்கள் மட்டும் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எங்கள் மூலமாகச் சரக்கு அனுப்பும் வியாபாரிகள், லாரி செட்காரர்கள், கிடங்கு வைத்திருப்பவர்கள் என்று துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் பாதி ஊர் அதில் இருக்கிறது. பெயர் போடவில்லையே என்று பின்னால் அவர் என்னிடம் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் புக்கிங் பார்ப்பது ஒரே ஒரு பெண்தான். பெயர் எதற்கு?

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் முன்னதைப் பின்னே சொன்னால் படிப்பவர்களுக்குப் பாதி விளங்காமல் போய்விடும்.

ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கப்பலில் இடம் பிடித்து, சுங்கத் தாள்களை முடித்து, கண்டெய்னரைக் கப்பலேற்றி விடுவது எங்கள் அலுவலகத்தின் தொழில். நான் அங்கே புரோகிராம் எழுதுகிறேன். படித்து முடித்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் ஊரிலேயே தங்கிவிட்டவள். தலை பாதி நரைத்துவிட்டது. அலுவலகத்தில் கணினி என்று எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும்.

புக்கிங் பார்க்கும் பெண் பக்கத்துக் கடற்கரை ஊரான தருவைகுளத்தில் பிறந்தவர். கட்டிக்கொடுத்தது எங்கள் ஊர் தூத்துக்குடியில். கணவர் கப்பலில் இருக்கிறார். ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். வீட்டையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் வருகிறவர். அவர் மூலமாகத்தான் தருவைகுளத்திலிருந்து ஒரு பார்ட்டி எங்களுக்குக் கிடைத்தார். அங்கே கணவாய் மீனை வாங்கிச் சுத்தம் செய்து, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன ஆலை நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. "நம்ம ஊர்ப் பிள்ள இருக்கா, நம்பிக் கொடுக்கலாம்" என்றுதான் அவர் வேறொரு அலுவலகத்தை விட்டு எங்களிடம் வந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இது வெறும் வேலை சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

உறைந்த மீன் சரக்கு போவது ரீஃபர் என்று சொல்லப்படும் குளிர் கண்டெய்னரில். அதை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று புக்கிங்கிலேயே சொல்ல வேண்டும். உறைந்த கணவாய்க்கு மைனஸ் பதினெட்டு. ஆனால் இந்தக் கடற்கரையில் மீன் சரக்கில் புழங்கும் ஒருவர் வாயிலும் மைனஸ் என்ற சொல் வராது. "பதினெட்டுல போடுங்க" என்பார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் யாருக்கும் புரிகிற விஷயம்தான். உறைந்த மீனை வேறு எந்தப் பதினெட்டில் வைப்பார்கள்? எழுதும்போதும் அப்படியே எழுதுவார்கள். அண்ணாச்சி போனில் சொன்னதை அந்தப் பெண் எப்போதும் போலத் தட்டினார்: கணவாய், நாற்பது அடி ரீஃபர் ஒன்று, 18, தருவைகுளத்தில் லோடிங். முன்பெல்லாம் இதைப் பார்த்து கப்பல் கம்பெனியின் படிவத்தை நிரப்ப இன்னொருவர் இருந்தார். அவர் தானாகவே மைனஸ் போட்டுவிடுவார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. "ஏஐ வச்சுச் செய்யலாம்னு சொல்லுதாங்களே, பாருங்களேன்" என்றார் முதலாளி. "செலவில்லாம பாருங்க" என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பார்த்தேன். மனிதர் எழுதும் செய்தியைப் படித்து, என்ன சரக்கு, என்ன கண்டெய்னர், எந்த ஊர் என்று பிரித்துத் தரும் வேலையை ஏஐ மாடல் நன்றாகவே செய்கிறது. அதனோடு நேரடியாகப் பேச நிறைய எழுத வேண்டியிருக்கும். அதற்காக யாரோ எழுதி இலவசமாகப் போட்டிருக்கும் லைப்ரரிகள் உண்டு. அதாவது நாம் எழுத வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைத்த புரோகிராம் துண்டுகள். அவற்றில் மிகவும் பேர்பெற்ற ஒன்றை எடுத்தேன். அதன் முகப்புப் பக்கத்தில் முதல் பெருமையே அது டெவலப்பர்களுக்கு இதமானது என்பதுதான். மூன்றே வரி எழுதினால் போதும். வெப்பநிலை எனக்கு எண்ணாக வேண்டும் என்று சொன்னால் எண்ணாகவே வரும். மாடல் வளவளவென்று ஏதாவது பேசினாலும் அதையெல்லாம் கழித்துவிட்டுச் சுத்தமான விடையைக் கையில் கொடுக்கும். உண்மையாகவே இதமாக இருந்தது. மூன்று வரி எழுதினேன், ஓடியது.

முதலில் அனுப்பிய ரீஃபர்களுக்கெல்லாம் மாடல் தானே ஊகித்து மைனஸ் பதினெட்டு என்று போட்டுக் கொடுத்தது. எல்லாம் சரியாக இருந்ததால் படிவத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி ரோட்டரி கூட்டத்தில் போய் இதைப் பற்றிப் பேசிவிட்டும் வந்தார். பிறகு மாடலின் புதிய பதிப்பு வந்தது. பழையதை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள், நானும் மாற்றினேன்.

அதற்கடுத்துப் போனதுதான் அண்ணாச்சியின் சரக்கு.

கண்டெய்னர் தருவைகுளத்தில் லோடாகி, கப்பலேறும் வரை கண்டெய்னர்களை நிறுத்தி வைக்கும் யார்டுக்கு வந்தது. கப்பல் தாமதம் என்பதால் அங்கேயே மின்சாரத்தில் இணைக்கப்பட்டு நின்றது. கண்டெய்னரின் வெளித்திரையில் 18 என்று காட்டியது. வெப்பநிலையைச் சரிபார்க்க வரும் யார்டு ஆளின் கையிலிருந்த தாளிலும் 18. இரண்டும் ஒத்துப்போனால் யாரும் நின்று யோசிப்பதில்லை. துறைமுக வாசலில் லாரி வரிசையில் நின்றபோதுதான் டிரைவர் கீழே பார்த்திருக்கிறார். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, பெட்டிக்கு அடில தண்ணி சொட்டுது. காக்கா வந்து உக்காந்துட்டு" என்றிருக்கிறார்.

திறந்து பார்த்தபோது அட்டைப் பெட்டிகள் ஊறிச் சரிந்திருந்தன. ஏற்றுமதிக்கு இனி ஆகாது. கோழித் தீவனத்துக்கு மீனை அரைக்கும் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்ற நிலையை நான் பார்த்தேன். சத்தம் போடவில்லை. புக்கிங் மேசை முன்னால் போய், "ஏளா, ஒன்ன நம்பித்தான குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் எழுந்து நின்றார். அன்று மாலையே குழுவில் அந்த வரிகள் வந்தன.

நான் முதலாளியிடம் போய், லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தவள் நான், என்ன நடந்தது என்று தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன்.

"நீங்க வச்சது ஒலகம் பூரா வச்சிருக்காங்கன்னு சொன்னிய. அவங்களுக்கெல்லாம் ஒழுங்காத்தான ஓடுது? இவ ஒரு மைனஸ் போட்டிருந்தா இந்த சவத்தெழவு வருமா?"

"அவ எந்தக் காலத்துல சார் மைனஸ் போட்டா? நீங்களே போன்ல பதினெட்டுன்னுதான சொல்லுவிய?"

"நான் சொல்லலாம். அவ எழுதக்கூடாது."

என் இடத்துக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

மாடல் அன்று உண்மையில் என்ன பதில் சொன்னது என்பதை லைப்ரரி என்னிடம் காட்டவில்லை. சுத்தம் செய்யப்பட்ட எண் மட்டும்தான் எங்கள் பக்கம் வந்து சேரும். சுத்தம் செய்வதற்கு முன்னால் இருந்ததைப் பார்க்க, எங்கோ உள்ளே போய் ஒரு அமைப்பைத் திறந்துவிட வேண்டும். இயல்பில் அது மூடியிருக்கும். ஆனால் மாடலை நடத்தும் நிறுவனத்தின் பக்கத்தில் பதில்கள் கொஞ்ச காலம் இருக்கும். அங்கே போய்ப் பார்த்தேன். அன்றைய பதில் இதுதான்: "18. ஆனால் சரக்கு உறைந்த கணவாயாக இருக்கலாம். அப்படியானால் -18 ஆக இருக்க வேண்டும். செய்தியில் தெளிவில்லை. புக்கிங் செய்வதற்கு முன் அனுப்பியவரிடம் கேட்டு உறுதி செய்யவும்."

பழைய பதிப்பைப் போல ஊகிக்காமல், எண்ணோடு ஒரு கேள்வியையும் புதிய பதிப்பு அனுப்பியிருக்கிறது. எண் வந்து சேர்ந்தது. கேள்வியை லைப்ரரி கழித்துப் போட்டுவிட்டது, எனக்குத் தொந்தரவாக இருக்குமே என்று.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒரு குமாஸ்தா தனக்கு வந்த கடிதத்தில் "கேட்டு உறுதி செய்யவும்" என்ற வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியை மேலதிகாரிக்கு அனுப்பினால் அவரை என்ன செய்வார்கள்? இங்கே அதற்குப் பெயர் வசதி. விளக்கக் குறிப்பில் அதைப் பாராட்டி ஒரு பத்தியே எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பத்தியை முன்பே படித்திருக்கிறேன். மாடல் "நிச்சயமாக, இதோ உங்கள் விடை" என்பது போல உபசாரம் பேசினால் அதை நீக்கும் என்றுதான் உதாரணம் காட்டியிருந்தார்கள். சந்தேகத்தையும் உபசாரத்தையும் ஒரே குப்பைத் தொட்டியில் போடுவார்கள் என்று சொல்லவில்லை.

லைப்ரரியை எழுதியவர்கள் குறைகளைப் பதிவு செய்ய ஒரு பொதுப் பக்கம் வைத்திருக்கிறார்கள். நடந்ததை அங்கே ஒழுங்காக எழுதினேன். என்ன கேட்டேன், மாடல் என்ன சொன்னது, உங்கள் லைப்ரரி எதை என்னிடம் கொடுத்தது, எதை வைத்துக்கொண்டது, அதனால் இங்கே என்ன ஆயிற்று. மறுநாள் பதில் வந்தது. இது குறை இல்லை, வடிவமைக்கப்பட்டபடியே நடந்திருக்கிறது. மாடல் சொன்னதில் எதையும் கழிக்காத கண்டிப்பான முறை என்று ஒரு அமைப்பு இருக்கிறது, தேவைப்படுவோர் அதை இயக்கிக்கொள்ளலாம். இவ்வளவு சொல்லிவிட்டு என் பதிவை மூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் கீழே, மீனை ஏஐயிடம் யார் ஒப்படைக்கச் சொன்னது என்று எழுதி ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தார்.

சிரிக்கட்டும். அவருக்கு அது மீன். பாதுகாப்பான முறை ஒன்று கைவசம் இருந்தும் அதை மூடி வைத்துவிட்டு, ஆபத்தானதைத் திறந்து வைத்து, அதற்கு இதம் என்று பெயரிட்டவர்களைத்தான் நான் கேட்கிறேன். இதம் யாருக்கு? எனக்கு மூன்று வரியில் வேலை முடிந்தது. அந்த மூன்று வரிக்கு வெளியே இருந்தவர்கள் தருவைகுளத்தில் கணவாய் கழுவிய பெண்கள், அண்ணாச்சி, புக்கிங் மேசைப் பெண். அவர்களுக்கு என்ன இதம் என்று அந்த முகப்புப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

முதலாளியை என் மேசைக்கு அழைத்தேன். பழைய பதிலை மட்டும் காட்டினால் நான் எதையாவது எழுதி வைத்திருப்பதாக நினைப்பார் என்று, லைப்ரரியை விலக்கிவிட்டு அவர் கண் முன்னாலேயே அதே செய்தியை மாடலுக்கு நேரடியாக அனுப்பினேன். வார்த்தைகள் கொஞ்சம் மாறி வந்தன. கேள்வி மாறவில்லை. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் கேட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"கேக்கத்தான செய்யுது."

"அன்னைக்கும் கேட்டிருக்கு சார். நம்மகிட்ட வரல."

"யாரு நிப்பாட்டினது?"

"நடுவுல இருக்க லைப்ரரி."

"அது எந்த ஊர்க்காரன் போட்டது?"

"ஊரெல்லாம் கிடையாது சார். எங்கெங்கயோ இருக்கவங்க சேந்து எழுதி சும்மா போட்டிருக்காங்க."

"ஓசியா?" என்றார். அதுவரை இல்லாத வருத்தம் அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது. "ஓசில கெடச்சத வச்சா என் ரீஃபர ஓட்டினிய?"

"செலவில்லாம பாருங்கன்னு சொன்னது நீங்கதான சார்."

கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். பிறகு, "சரி, அவள திங்கக்கிழம வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய், குழுவிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள் என்றேன். கையை ஆட்டினார். "அதெல்லாம் வேண்டாம். நம்ம சாஃப்ட்வேர் சரியில்லன்னு நாமளே ஊருக்குச் சொல்லணுமா? ஆள் தப்புன்னா ஆள மாத்திட்டாங்கன்னு போயிரும். சாஃப்ட்வேர் தப்புன்னா ஒருத்தன் நம்மகிட்ட வர மாட்டான்."

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரிலேயே போனேன். மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"அப்ப அந்த மெஷினு கேட்டிருக்கு."

"கேட்டிருக்கு."

"சவம், அதுக்குத் தெரிஞ்சது கூட நம்ம மொதலாளிக்குத் தெரியல பாத்தியளா அக்கா." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "திங்கக்கிழம வாங்கன்னு அவுக சொன்னாகளா, நீங்களாச் சொல்லுதியளா?" என்றார்.

"அவருதான் சொன்னாரு."

"குழுவுல?"

"அங்க போட மாட்டேன்னுட்டாரு."

"அக்கா, வேலைய விட்டு நிப்பாட்டினது கூட எனக்குப் பெருசில்ல. வேற எங்கயாவது சேந்துக்கிடுவேன். போன ஞாயித்துக்கெழம எங்கம்மா கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வாராக. ஒரு பொம்பள வந்து, ஒன் மவதான அண்ணாச்சி கணவாயக் கெடுத்தவன்னு கேக்கா. எங்கம்மா அதுக்கப்புறம் கோயிலுக்கே போகல. எங்க சொன்னாங்களோ அங்கன வச்சே இல்லன்னு சொல்லணும். அதுவரைக்கும் நான் வர மாட்டேன்."

இதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. முதலாளியிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். "அப்படின்னா வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து நானே எழுதினேன். கோபம் எழுத்தில் தெரியக்கூடாது என்று இரண்டு தரம் அடித்துத் திருத்தினேன். கடைசியில் குழுவில் போட்டது இது: "தருவைகுளம் ரீஃபரில் தவறு புக்கிங் பார்க்கும் பெண்ணுடையது இல்லை. நான் வைத்த புரோகிராம், வெப்பநிலையைக் கேட்டு உறுதி செய்யச் சொன்ன குறிப்பை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் அனுப்பியிருக்கிறது. சரிபார்த்துவிட்டேன். யாருக்கு விளக்கம் வேண்டுமானாலும் காட்டத் தயார்."

முதலாளி அறையிலிருந்தே போனில் கூப்பிட்டார். "அழிச்சிருங்க."

"முடியாது சார்."

"நான்தான் அட்மின்" என்றார்.

திரையில் என் செய்தி போய், நிர்வாகி நீக்கிவிட்டார் என்ற வரி மட்டும் நின்றது. நீக்குவது இவ்வளவு சுலபம். ஆனால் முதலாளி அழிப்பதற்குள் அண்ணாச்சி பார்த்துவிட்டிருந்தார். என் செய்தியைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே பதில் போட்டிருந்தார். மூலத்தை அழித்தாலும், பதிலின் தலையில் எடுத்துக்காட்டிய முதல் வரி அப்படியே இருந்தது: தருவைகுளம் ரீஃபரில் தவறு புக்கிங் பார்க்கும் பெண்ணுடையது இல்லை. அதன் கீழே அவருடைய குரல் பதிவு. பின்னால் ஆலையில் பெண்கள் பேசும் சத்தத்தோடு அவர் குரல் கேட்டது. "சரி. பிள்ள மேல தப்பில்லன்னா அத மொதல்ல விசாரிக்காம ஊருக்குச் சொன்னது யாரு? என் சரக்குக்கு அவுக பதில் சொல்லட்டும்."

பார்ட்டியின் செய்தியை முதலாளி அழிக்கவில்லை. அழிக்கத் துணியவில்லை என்பதே சரி. குழுவில் அதற்கு மேல் யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அலுவலகத்துக்கு அடுத்து வந்த போன்களிலேயே அது தெரிந்தது.

சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து எனக்குத் தனியாகச் செய்தி வந்தது. "அண்ணாச்சி போட்டத அம்மாவுக்கு அனுப்பிட்டேன் அக்கா. திங்கள் வாரேன்."

வந்தார். அண்ணாச்சி குழுவில் கேட்ட பிறகு முதலாளியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. என்னோடும் முதலாளி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரக்கு இழப்புக்காக அண்ணாச்சியும் முதலாளியும் வக்கீல்கள் மூலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் இருப்பதால் அண்ணாச்சி வேறு அலுவலகம் தேடவில்லை. நான் லைப்ரரியை அடியோடு எடுத்துவிட்டு, மூன்று வரிக்குப் பதிலாக நிறைய வரிகள் எழுதினேன். மாடல் கேள்வி கேட்டால் புக்கிங் அங்கேயே நிற்கும். அந்தப் பெண்ணின் மேசையில் சிவப்பாகத் தெரியும். அவர் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் நகரும். வேலை மெதுவாகிவிட்டது என்று முதலாளி முணுமுணுக்கிறார். அந்த லைப்ரரியின் முகப்புப் பக்கத்தை அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். இதமானது என்ற சொல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் பதிவு இன்னும் மூடித்தான் இருக்கிறது.

போன வாரம் அலுவலகப் போன் அடித்தது. முதலாளிதான் எடுத்தார். "சொல்லுங்க அண்ணாச்சி, நானே குறிச்சுக்கிடுதேன்" என்று பேனாவைத் தேடினார். "பிள்ளகிட்டக் குடுங்க" என்று அண்ணாச்சி சொல்லியிருக்க வேண்டும். பேனாவைத் தேடுவதை விட்டார். பிறகு ரிசீவரை அந்தப் பெண்ணின் பக்கம் நீட்டினார்.

"வணக்கம் அண்ணாச்சி. ம். கணவாயா? நாப்பது அடிதான? எத்தனல போட?" கேட்டுக்கொண்டே தட்டினார். "பதினெட்டுன்னா? வாயத் தொறந்து முழுசாச் சொல்லுங்க."

அண்ணாச்சியின் குரல் என் மேசை வரை கேட்டது. "ஏளா, கணவாய என்ன வெயில்லயா காயப் போடப் போறேன்?"

"காயப் போட்டாலும் போடுவிய, எனக்கென்ன தெரியும். சொல்லுங்க, லைன்ல நிக்கேன்."

அண்ணாச்சி முழுசாகவே சொன்னார். அந்தப் பெண் மைனஸ் போட்டார்.